குதிரும் வயலும்

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் கூடத்தை அடுத்த அறையிலே நெற்குதிர் ஒன்று நிற்கும். மண்ணால் வனைந்த உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆள் உயரத்திற்கு மேலே எழுப்பியிருப்பார்கள். அடியில் ஒரு சிறு துவாரம். அடைப்பை எடுத்தால் நெல் சரசரவென்று சரியும், அடைத்தால் நின்றுவிடும். அந்த வீட்டில் வளரும் சிறு குழந்தை, நெல் என்பது குதிருக்குள்ளேயே உற்பத்தியாகிறது என்று எண்ணினால் அதில் ஆச்சரியமில்லை. எப்போதோ வயலில் விளைந்ததை யாரோ சுமந்து வந்து கொட்டி வைத்திருக்கிறார்கள் என்பது வயது வந்த பிறகே அதற்குப் புரியும்.

மின்சாரத்தைப் பொறுத்த மட்டில் நம்மில் பெரும்பாலோர் அந்தக் குழந்தையின் நிலையில்தான் இருக்கிறோம். சுவரிலுள்ள விசையைத் தட்டினால் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது. அது குதிரிலிருந்து வந்ததா, வயலிலிருந்து வந்ததா என்று கேட்கும் வழக்கம் நமக்கில்லை. அந்தக் கேள்வியை இந்த வாரம் கேட்டுப் பார்க்கலாம் என்று உத்தேசம்.

நாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் தொழிலை உடையவர்கள். பாடப் புத்தகத்தில் இதற்கு விடை வெகு சுலபமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பட்டியல்கள். நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை வாயு ஆகியவை தீர்ந்துபோகும் செல்வங்கள். சூரியன், காற்று, ஆற்று நீர், விறகு ஆகியவை மீண்டும் மீண்டும் உண்டாகும் செல்வங்கள். பிள்ளைகள் இவற்றை நெட்டுருப் போட்டு எழுதினால் முழு மார்க்கும் கிடைக்கிறது. பட்டியலில் பிழையொன்றும் இல்லை. ஆயினும் அதைப் படித்த பிள்ளை, இரண்டாவது பட்டியலில் உள்ளவற்றை எப்படி நடத்தினாலும் அவை குறைவதில்லை என்று எண்ணிக்கொண்டு வீடு செல்கிறது. முதற் பட்டியலில் உள்ளவற்றை எரிப்பதைத் தவிர வேறு யோசனைக்கு இடமில்லை என்றும் அது எண்ணிவிடுகிறது. வயலைப் பாழாக்கவும் மனிதனால் முடியும். குதிரை விவேகத்தோடு செலவிடவும் முடியும். இரண்டுக்கும் நம் தமிழ்நாட்டிலேயே சாட்சிகள் இருக்கின்றன.

முதலில் வயலைப் பார்ப்போம். தமிழ் ஜில்லாக்களில் நிலக்கரி அகப்படாத காலம். வங்காளம், பீகார்ச் சுரங்கங்களிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் அது வந்து சேர வேண்டும். வந்து சேரும்போது விலையும் ஏறியிருக்கும். இந்த நிலைமையில் 1932-ஆம் வருஷம் நீலகிரியில் பைக்காரா ஆற்று நீரைக் குழாய்களுக்குள் செலுத்தி, 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து கீழே இறக்கி, அதன் வேகத்தால் யந்திரங்களைச் சுழற்றி மின்சாரம் எடுத்தார்கள். கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகள் பெருகியதற்கு அந்த மின்சாரம் ஒரு முக்கிய காரணம். இதில் விசேஷம் என்னவென்றால், நீர் ஒரு துளியும் செலவாவதில்லை. அது விழுகிற வேகத்தை மாத்திரமே நாம் வாங்கிக்கொள்கிறோம். யந்திரத்தைச் சுழற்றிவிட்டு வெளிவரும் அதே நீர், மோயாற்றின் வழியே சென்று பவானியில் கலந்து, கழனிகளுக்கும் பாய்கிறது. கடலுக்குப் போனதைச் சூரியன் ஆவியாக்கித் தூக்கி, அடுத்த பருவமழையில் மறுபடியும் மலைமீது கொண்டுவந்து சேர்க்கிறது. சுமை கூலி கேட்பதில்லை.

இவ்வளவு உத்தமமான வயலுக்கும் ஒரு வேலி வேண்டும். மழை பெய்தவுடன் நீரெல்லாம் ஒரே நாளில் ஓடிப்போகாமல் பிடித்து வைத்து, கோடையிலும் சிறுகச் சிறுகக் கசியவிடுவது நீலகிரியின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் ஆகும். 19-ஆம் நூற்றாண்டில் உதகமண்டலத்தில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்குக் குளிர் காய்வதற்கும் சமையலுக்கும் விறகு தேவைப்பட்டது. சோலைகளை வெட்டினார்கள், போதவில்லை. பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் மரத்தையும் வாட்டில் என்னும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். வெட்ட வெட்டத் தழைக்கும் மரங்கள் அவை. விறகுப் பஞ்சம் தீர்ந்தது. மரங்களோ புல்வெளிகளின்மேல் படர்ந்தன.

இதன் பலனைப் பிற்காலத்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். பைக்காராப் பிரதேசத்திலேயே, கிளென்மார்கன் என்ற இடத்தில், உதகமண்டலத்து மண்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறு பள்ளத்தாக்குகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றொன்றின் பெரும்பகுதியில் யூகலிப்டஸ் நட்டார்கள். முதற் பத்து வருஷங்களில், மரம் நட்ட பள்ளத்தாக்கிலிருந்து வெளிவந்த நீர் சுமார் 16 சதவிகிதம் குறைந்துவிட்டது. விறகும் இரண்டாவது பட்டியலில் உள்ளது. ஆற்று நீரும் இரண்டாவது பட்டியலில் உள்ளது. ஒன்று மற்றொன்றைக் குடித்துவிட்டது! ஆகவே, மீண்டும் உண்டாகும் குணம் பொருளிடம் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதன்று என்று ஏற்படுகிறது. உண்டாகும் வேகத்துக்கு உட்பட்டு எடுத்தால்தான், உண்டாகும் இடத்தையும் காப்பாற்றினால்தான், அந்தக் குணம் நிலைக்கும்.

இனிக் குதிரண்டை வருவோம். 1930-களில் தென்னாற்காடு ஜில்லாவில் நெய்வேலிப் பக்கத்தில் ஸ்ரீ ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது, நீரோடு கறுப்பாக ஏதோ பொருள் வெளிவந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று தெரியவந்தது. பல வருஷங்கள் ஆராய்ச்சி நடந்தபின், 1956-இல் சர்க்கார் ஸ்தாபனம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 1957-இல் மண்ணை அகழத் தொடங்கினார்கள். 1961-இல் நிலக்கரி தட்டுப்பட்டது. சோவியத் தேசத்தின் உதவியோடு நிறுவிய மின்சார நிலையத்தின் முதல் யந்திரம் 1962-இல் ஓட ஆரம்பித்தது. நிலக்கரியே இல்லை என்றிருந்த தமிழ்நாட்டின் காலடியில் இவ்வளவு பெரிய குதிர் புதைந்து கிடந்தது என்பது அந்நாளில் ஜனங்களுக்குப் பெரும் உற்சாகத்தை அளித்ததில் வியப்பில்லை.

அந்தக் குதிரை நிரப்பியது யார்? கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பு அங்கே சதுப்பு நிலக் காடுகள் இருந்தன. அன்றைய சூரிய வெளிச்சத்தை உண்டு வளர்ந்த மரங்கள் சாய்ந்து, சேற்றில் அமிழ்ந்து, மண்ணால் மூடப்பட்டு, மெல்ல மெல்லக் கரியாக மாறின. பழுப்பு நிலக்கரி இந்த மாறுதலில் பாதி வழி வந்த சரக்கு. வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். ஆகையால் அதைத் தொலைதூரம் கொண்டுபோவது வண்டிச் சத்தத்துக்குக் கட்டாது. சுரங்கத்து வாயிலிலேயே மின்சார நிலையத்தையும் வைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டுக் கணக்கில் சொன்னால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஒரு யூனிட் மின்சாரம் செய்வதற்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. 75 வாட் மின்விசிறி ஒன்று 13 மணி நேரம் சுழன்றால் ஒரு யூனிட் ஆகும். ஆளில்லாத அறையில் மாலை முதல் காலை வரை அது சுழன்றுகொண்டிருந்தால், கோடி வருஷத்துக் கரியில் ஒரு கிலோ போயிற்று. அந்த ஒரு கிலோவை எடுப்பதற்காக அதைப்போலப் பன்மடங்கு மண்ணை மேலிருந்து அகற்றவேண்டும்.

மண் மட்டுமா? நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் மிகுந்த அழுத்தத்துடன் ஊற்று நீர் நிற்கிறது. ஸ்ரீ முதலியாரின் துளையிலிருந்து பொங்கி வந்த நீரும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. மேலிருக்கும் மண்ணையும் கரியையும் எடுக்க எடுக்க, சுமை குறைந்து, கீழ் நீர் தளத்தைப் பிளந்துகொண்டு சுரங்கத்துக்குள் வந்துவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து, இரவும் பகலும் இறைத்துக்கொண்டேயிருக்கிறார்கள். வெட்டும் கரியின் எடையைக் காட்டிலும் இறைக்கும் நீரின் எடை பன்மடங்கு. அந்த நீர் முழுவதும் வீணாவதில்லை. மின்சார நிலையத்துக்கும் குடிநீருக்கும் பாசனத்துக்கும் ஒரு பகுதி பயன்படுகிறது. ஆயினும், தீர்ந்துபோகும் ஒரு செல்வத்தை எடுப்பதற்காக, நிதானமாக எடுத்தால் தீராத ஒரு செல்வத்தையும் சேர்த்துச் செலவிடுகிறோம் என்பது கணக்கில் வரவேண்டும். மின்சாரக் கட்டண ரசீதில் அதற்கு ஒரு வரி கிடையாது.

நிலத்துக்கும் அப்படித்தான். 2023-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவி கிராமத்தில், முன்பே கையகப்படுத்திய நிலத்தில் சுரங்க விஸ்தரிப்புக்காகக் கால்வாய் வெட்ட மண்வாரி யந்திரங்கள் இறங்கின. நிலத்திலோ பச்சைப் பசேலென்று நெற்பயிர் நின்றது. பயிர் மண்ணுக்குள் புதைந்த காட்சியைத் தமிழ்நாடு முழுவதும் படங்களில் பார்த்தது. உயர் நீதிமன்றம் வரை வழக்குச் சென்று, பயிருக்கு நஷ்ட ஈடு கொடுக்கும்படி உத்தரவாயிற்று. நிலம் சட்டப்படி ஸ்தாபனத்தைச் சேர்ந்தது என்று ஒரு கட்சி. கொடுத்த விலையும் வாக்களித்த வேலையும் போதாது என்று மற்றொரு கட்சி. அந்த வழக்கை இங்கே தீர்ப்பது நம் நோக்கமன்று. குதிரைத் தேடிப் போனவர்கள் வயலின்மேல் நடந்து போகவேண்டியிருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இப்படிச் சொல்வதால் நெய்வேலியால் நன்மை விளையவில்லை என்று யாரும் கொள்ள வேண்டாம். அதன் முதல் மின்சார நிலையம் 1962 முதல் 2020 வரை உழைத்து ஓய்ந்தது. அந்த வருஷங்களில் எத்தனையோ கிராமங்களில் அரிக்கேன் விளக்கு அணைந்து மின்சார விளக்கு ஏறியது. கமலை நின்று பம்ப்செட் ஓடியது. எத்தனையோ பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்தார்கள். முன்னோர் சேர்த்து வைத்த நெல்லைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட்ட குடும்பத்தை ஊதாரி என்று சொல்லுவார் உண்டோ? இனிமேல் அந்தச் செலவு எதற்கு என்பதே நாம் கேட்க வேண்டியது.

இந்த விஷயத்தில் இங்கிலாந்தின் கதை சுவையானது. 1865-இல் ஜெவன்ஸ் என்ற பொருளாதார நிபுணர், பிரிட்டனின் நிலக்கரி எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டு ஒரு புத்தகம் எழுதினார். நீராவி யந்திரங்கள் சிக்கனமாக ஆக ஆகக் கரிச் செலவு குறையும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவரோ, சிக்கனமான யந்திரம் மலிவாக வேலை செய்வதால் யந்திரங்களின் எண்ணிக்கை பெருகி, மொத்தச் செலவு கூடவே செய்கிறது என்று எடுத்துக்காட்டினார். நம் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். குண்டு பல்பு போய் எல்.இ.டி. விளக்கு வந்தது, செலவு குறைவுதானே என்று வாசலுக்கு ஒன்று, மாடத்துக்கு ஒன்று, மாடிப்படிக்கு ஒன்று என்று விளக்குகள் பெருகிவிட்டன!

1913-இல் பிரிட்டன் வெட்டியெடுத்த கரி 28 கோடி டன்னுக்கு மேல். அதுவே உச்சம். லண்டனில் 1882-இல் நிலக்கரியைக் கொண்டு பொது ஜனங்களுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய அந்த தேசம், 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி தன் கடைசி நிலக்கரி மின்சார நிலையத்தை மூடியது. பூமிக்கடியில் கரி அடியோடு தீர்ந்துவிட்டதால் மூடவில்லை. இயற்கை வாயுவும், கடலில் நிறுத்திய காற்றாலைகளும், இன்னும் பிறவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. குதிரைத் துடைத்து முடிக்கும் வரை காத்திருக்கவேண்டிய அவசியமில்லை என்பதற்கு இது அத்தாட்சி.

காத்திருக்கக் கூடாது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. குதிர் நெல்லைச் சமைத்து உண்டால் அத்தோடு முடிந்தது. நிலக்கரியின் புகை அப்படி முடிவதில்லை. ஆகாயத்தில் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, யந்திர யுகம் தொடங்கிய பிறகு ஏறி ஏறி இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பூமி சூடேறுகிறது, சூடேறிய காற்று அதிக ஈரத்தைத் தாங்குகிறது, ஒரு மாதம் பெய்யவேண்டிய மழை ஒரே நாளில் கொட்டிவிடும் ஆபத்துக் கூடுகிறது. பைக்காராவுக்கும் மேட்டூருக்கும் ஒழுங்கான பருவமழையே ஆதாரம். குதிரிலிருந்து எழும் புகை வயலின்மேல்தான் போய்க் கவிகிறது.

சரி, குதிரை விட்டு வயலையே நம்பி இருந்துவிடலாமா? இங்கேதான் உண்மையான சங்கடம் இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம்மவர் அனுபவம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டிலும் செங்கோட்டையிலும் ஆரல்வாய்மொழியிலும் உள்ள இடைவெளிகள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு பாய்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகிறது என்பது கணக்கு. இந்தக் காற்றைப் பிடிக்க 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சில காற்றாலைகளை நிறுத்தினார்கள். இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். சூரிய ஒளியையும் விட்டுவிடவில்லை. வானம் பார்த்த பூமியென்று பெயரெடுத்த ராமநாதபுரம் ஜில்லாவில், கமுதியருகே 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஏற்பட்டது. வானத்தைப் பார்த்தபடி கிடந்த பூமிக்கு அதனாலேயே ஒரு வரும்படி!

ஆனால் காற்று வைகாசியில் வந்து புரட்டாசியில் விடைபெற்றுக்கொள்ளும். சூரியனோ, வீடுதோறும் விளக்கேற்றும் நேரம் பார்த்து மலைவாயில் விழுந்துவிடும். விளைச்சல் ஏராளம்; கொட்டி வைக்க இடமில்லை. நிலக்கரிக்கு நாம் கொடுக்கும் மதிப்பில் பெரும்பங்கு அதன் உஷ்ணத்துக்கு அன்று. வேண்டும்போது எடுக்கலாம் என்ற அந்தச் சௌகரியத்துக்கே என்று சொல்லத் தோன்றுகிறது. ஆகையால் காற்றுக்கும் வெயிலுக்கும் ஒரு குதிர் கட்டியாக வேண்டும்.

அதைக் கட்டத் தெரியாதவர்கள் அல்லர் நம்மவர். ஆனைமலைத் தொடரில் காடம்பாறை என்ற இடத்தில் 1987-இல் 400 மெகாவாட் திறனுள்ள நிலையம் ஒன்று அமைந்தது. மேலே ஓர் அணை. கீழே மேல் ஆழியாறு அணை. இடையே மலையைக் குடைந்து வைத்த யந்திரசாலை. மின்சாரம் மிஞ்சியிருக்கும் நேரத்தில் கீழ் நீரை மேலே ஏற்றுகிறார்கள். தட்டுப்பாடான நேரத்தில் மேல் நீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். நான்கு யூனிட் செலவிட்டு ஏற்றினால் ஏறத்தாழ மூன்று யூனிட் திரும்பி வரும். குதிரில் எலி தின்னும் பங்கு என்று மீதியை வைத்துக்கொள்ளலாம்! இத்தகைய நிலையங்கள் பெருகவேண்டும். பெரிய மின்கலங்களும் வேண்டும். இவையும் மலையையும் காட்டையும் தொடுபவைதாம். ஆகவே நீலகிரியின் பாடத்தை மறக்காமல் இடம் பார்த்துக் கட்டவேண்டும். நல்ல காற்றடிக்கும் இடங்களில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் பழைய சிறு காற்றாலைகளை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நிறுத்தினால், புதிதாக நிலம் கேட்காமலே விளைச்சலைக் கூட்டலாம்.

காற்றாலையின் எஃகுத் தூண், அதன் அடியிலுள்ள சிமெண்டு, சூரியப் பலகையின் கண்ணாடி, இவற்றையெல்லாம் செய்யும் சூளைகளில் இன்றைக்கு எரிவது பெரும்பாலும் நிலக்கரியும் வாயுவுமே. புதிய வயலைத் திருத்துவதற்கும் பழைய குதிரிலிருந்துதான் எடுத்தாக வேண்டியிருக்கிறது. இதை ஒரு குற்றமாகச் சிலர் எடுத்துக் காட்டுகிறார்கள். குடியானவன் அப்படி நினைக்கமாட்டான். குதிரில் உள்ள நெல்லுக்கு இரண்டு உபயோகம் உண்டு என்பது அவனுக்குத் தெரியும். ஒன்று உணவு, மற்றொன்று விதை. எவ்வளவு கஷ்டமான வருஷமானாலும் விதை நெல்லைத் தனியே கோட்டை கட்டி வைப்பான். பிள்ளை பசித்து அழுதாலும் அதன்மேல் கை வைக்கத் தயங்குவான். நெய்வேலியில் கரி வெட்டும் ஸ்தாபனமே இப்பொழுது சூரிய மின் நிலையங்களையும் அமைத்திருக்கிறது. விதை நெல்லின் நினைவு அடியோடு மறந்துவிடவில்லை என்பதற்கு இது நல்ல அடையாளம். எடுப்பதில் எத்தனை பங்கு விதைக்குப் போகிறது என்பதை ஜனங்கள்தாம் கவனித்து வரவேண்டும்.

இனி ஒரு புதிய சுரங்கத்துக்கு நிலம் கேட்டுச் சர்க்கார் வரும்போது, கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. அந்தக் கரி எந்த வயலை உண்டாக்குவதற்காக எடுக்கப்படுகிறது? அதற்காக இறைக்கப்படும் நீருக்கும் புதைக்கப்படும் பயிருக்கும் யார் கணக்கு வைக்கிறார்கள்? நிலம் கொடுக்கும் குடும்பத்துக்கு, கரி தீர்ந்த பிறகும் நிற்கக்கூடிய பங்கு என்ன? இவற்றுக்குச் சரியான பதில் கிடைத்தால் கொடுப்பதில் தவறில்லை. பதில் இல்லையானால், அது விதை நெல்லைக் குத்திச் சோறாக்கும் காரியம். சோறு அன்றைக்கு ருசிக்கத்தான் செய்யும். ஆடி பிறந்து, மழையும் பெய்து, ஊரெல்லாம் ஏர் பூட்டும்போதுதான் அந்த வீட்டில் விதைக்க ஒன்றும் இல்லை என்பது வெளியே தெரியும்.